வேலிக்கு வெளியே நிற்பவர் கணக்கு

எஞ்சின் இல்லாத விமானம் என்று சொன்னால் காகிதப் பட்டம் போல ஏதோ ஒன்று மிதந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எடையையும் வேகத்தையும் எழுதிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. உலகப் போட்டிகளில் 15 மீட்டர் இறக்கை வகுப்பில் பறக்கும் கிளைடர், விமானியும் இறக்கைக்குள் நிரப்பிய தண்ணீரும் சேர்த்து 525 கிலோ வரை இருக்கலாம். வேகம் கூடுவதற்காகத்தான் அந்தத் தண்ணீர். போட்டியின் கடைசிக் கட்டத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரில் இறங்கி வருவது சாதாரணம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 810 கிலோஜூல். தண்ணீரை வழியிலேயே திறந்துவிட்டு 350 கிலோவாக வந்தாலும் 540 கிலோஜூல்.

நம் ஊர் அளவுகோலுக்கு வருவோம். 400 கிலோ காளை மணிக்கு 30 கிலோமீட்டரில் வாடிவாசலை விட்டுப் பாய்ந்தால் 14 கிலோஜூல். ஒரு டன் கார் 60 கிலோமீட்டரில் வந்தால் 139. தண்ணீர் நிரப்பிய கிளைடர் ஒன்று அந்தக் காரைப் போல ஆறு மடங்கு, காளையைப் போல 58 மடங்கு. காளைக்கு இரட்டைத் தடுப்பு கட்டுகிறோம், பொதுப்பணித் துறையிடம் மேடைக்குச் சான்று வாங்குகிறோம். கிளைடருக்கு ஒரு கயிறு கட்டி, "கயிற்றைத் தாண்டாதீர்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் போதும் என்று நினைக்கும் போட்டி அமைப்பாளர்கள் உலகத்தில் நெடுங்காலம் இருந்தார்கள்.

2005 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில், ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த் களத்தில் அதன் விலை தெரிந்தது. போட்டி ஓட்டத்தை முடித்துத் தாழப் பறந்து வந்த கிளைடரின் இறக்கை பட்டு, களத்தின் ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். படத்துக்காகத் தாழ்வாக வரும் கிளைடரை எதிர்பார்த்து நின்றவர் அவர். தாழ்வாக வந்தால்தான் அழகு என்ற எண்ணம் விமானிகளிடமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன.

எதிரே நிற்பவருக்குக் கிடைக்கும் நேரத்தையும் கணக்கிடலாம். 200 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 55 மீட்டர். அரைக் கிலோமீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டாலும் ஒன்பதே நொடி. ஆனால் நேருக்கு நேர் வரும் கிளைடர் கண்ணில் படுவதே கடினம்: உடம்பு முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லை, இறக்கை பக்கவாட்டில் 15 மீட்டர் நீண்டிருந்தாலும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு. எஞ்சின் சத்தம் இல்லை. கிட்ட வந்த பிறகுதான் காற்றைக் கிழிக்கும் சீழ்க்கை கேட்கும். கேமரா வழியாகப் பார்ப்பவருக்கு தூரம் தெரியாது. பார்த்தது ஆபத்து என்று புரிந்து உடம்பு அசைய ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அது 80 மீட்டர் வந்துவிடும்.

தாழப் பறப்பது போட்டிக்குத் தேவைதானா என்பதை எண்ணால் கேட்டுவிடலாம். கிளைடர் போட்டி என்பது தூரப் பந்தயம். 300 கிலோமீட்டர் சுற்றை ஏறுகாற்றில் வட்டமிட்டு உயரம் சேர்த்து, சேர்த்த உயரத்தைச் செலவழித்து ஓடி, மறுபடி உயரம் சேர்த்து முடிக்க வேண்டும். உயரம்தான் அங்கே காசு. கடைசி ஏறுகாற்றை விட்டுக் கிளம்பும்போது எவ்வளவு உயரம் போதும் என்று கணக்குப் போடுகிற விமானி, மிச்சம் வைத்தால் நஷ்டம் என்று நினைக்கிறார். அதனால்தான் எல்லைக்கோட்டைத் தரையோடு தரையாகத் தொடுகிறார்கள். சரி, எல்லோரும் 150 மீட்டர் மிச்சத்துடன்தான் முடிக்க வேண்டும் என்று விதி வைத்தால் என்ன நஷ்டம்? நொடிக்கு 2 மீட்டர் ஏற்றும் காற்றில் 150 மீட்டர் ஏற 75 நொடி. மணிக்கு 100 கிலோமீட்டர் சராசரியில் 300 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம், அதாவது 10,800 நொடி. 75 நொடி என்பது அதில் 0.7 விழுக்காடு. அந்த 0.7-ம் எல்லோருக்கும் பொது. யார் முதல், யார் இரண்டு என்ற வரிசையில் அதனால் பெரிய மாற்றம் வராது.

இப்போது பல போட்டிகளில் எல்லைக்கோட்டுக்குப் பதிலாக எல்லை வளையம் இருக்கிறது. களத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு குறைந்தபட்ச உயரத்துக்கு மேலே, வானத்தில் ஒரு கற்பனை வட்டம். அதைக் கடந்த நொடியில் நேரம் நின்றுவிடும். ஜிபிஎஸ் கருவி பதிவு செய்துவிடும். உயரம் குறைந்தால் புள்ளி குறையும். களத்துக்கு வந்து சேர்வது போட்டியே அல்ல, வெறும் தரையிறக்கம். இதில் விமானி இழந்தது கைதட்டல் மட்டும்.

சட்டம் ஏற்கனவே இதைச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கிறது. ஊர், நகரம், திறந்தவெளிக் கூட்டம் இவற்றின் மேல் பறந்தால், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையிலிருந்து 300 மீட்டர் மேலே. மற்ற இடங்களில் தரையிலிருந்து 150 மீட்டர். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இது. நம் நாட்டு விதியும் இதைத்தான் ஒட்டியது. ஆனால் அதிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர. எல்லைக்கோட்டைத் தொட வருபவர் "இறங்கத்தான் வருகிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தின் தலைக்கு மேலே நடந்த பல விளையாட்டுகள் அந்த ஒரு சொற்றொடருக்குள் நுழைந்து தப்பித்தவை.

வேடிக்கை பார்ப்பவர் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வந்தவர்: நேரம் ஒதுக்கி, குடும்பத்தோடு, கயிற்றுக்குப் பின்னால் நிற்பவர். இன்னொருவர் வராதவர்: தன் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பவர், சாலையில் போய்க்கொண்டிருப்பவர். முதலாமவருக்கு வேலி காவல். இரண்டாமவருக்கு உயரமும் தூரமும் தவிர வேறு காவல் கிடையாது.

இரண்டாமவர் எத்தனை பேர் என்று நம் சேலம், நாமக்கல்லை வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்து மக்கள் 34,82,056. சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 665 பேர். நாமக்கல்லில் 17,26,601, சதுர கிலோமீட்டருக்கு 505 போல. 15 மீட்டர் இறக்கை ஒரு கிலோமீட்டர் தரையைத் தடவிக்கொண்டு போனால் அந்தப் பட்டையின் பரப்பு 0.015 சதுர கிலோமீட்டர். சராசரிப்படி அதில் சேலத்தில் 10 பேர், நாமக்கல்லில் ஏழெட்டுப் பேர். அந்தப் பத்துப் பேரில் பலர் கூரைக்குக் கீழே இருப்பார்கள். அதே இறக்கை, கயிற்றுக்குப் பின்னால் 10 மீட்டர் ஆழத்துக்கு, சதுர மீட்டருக்கு இரண்டு பேராக நிற்கும் கூட்டத்துக்குள் வந்தால் 150 சதுர மீட்டரில் 300 பேர். வெறும் பத்து மீட்டர் தூரம்; ஐந்தில் ஒரு பங்கு நொடி. ஆகவே கூட்டம்தான் முதல் கவலை என்று அமைப்பாளர்கள் நினைப்பதில் தப்பில்லை. 1952-இல் ஃபார்ன்பரோவில் விமானம் நடுவானில் உடைந்து 29 பார்வையாளர்கள் இறந்தார்கள். 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் மொத்தம் 70 பேர். 2002-இல் உக்ரைனின் லிவிவ் அருகே 77 பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வேலி நகர்ந்தது, கூட்டத்தை நோக்கிப் பறப்பது பல நாடுகளில் தடையானது.

வேலி நகர்ந்த பிறகு 2015 வந்தது. ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் ஷோரம் விமானக் காட்சி. பழைய ஹன்டர் ஜெட் விமானம் ஒன்று வட்டமடித்து மேலே வரமுடியாமல் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். பதினொருவரில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே நின்றவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் வேலிக்கு வெளியே. விமானி பிழைத்தார், 2019-இல் குற்ற வழக்கிலிருந்து விடுதலையானார், 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்தப் பதினொருவரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னார். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2010 மார்ச் 3, ஹைதராபாத் பேகம்பேட்டை விமானக் கண்காட்சி: கடற்படையின் சாகர் பவன் குழு விமானம் களத்துக்கு வெளியே, போயின்பள்ளியில் ஒரு கட்டடத்தின் மேல் விழுந்தது. இரண்டு விமானிகள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் அந்தத் தெருவாசிகள்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆபத்தான போட்டி, கூடும் ஜனம், பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி மூன்றும் ஒவ்வொரு தை மாதமும் ஜல்லிக்கட்டோடு வருகின்றன. நாமக்கல் மாவட்டம் அலங்காநத்தம், பொட்டிரெட்டிப்பட்டி; சேலம் மாவட்டம் கூலமேடு, தம்மம்பட்டி. 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் பார்வையில் ஜல்லிக்கட்டு நடந்தபோது, விபத்து நேர்ந்தால் கொடுப்பதற்காக அமைப்பாளர்கள் 20 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. 2014 மே 7-இல் தடை. 2017 ஜனவரியில் அவசரச் சட்டம். அதன்பின் வந்த விதிகளில் மாடு பிடிப்பவருக்கு 15 மீட்டர் தூரம் அல்லது 30 நொடி அல்லது மூன்று துள்ளல், பார்வையாளருக்குத் தடுப்பு, மேடைக்குச் சான்று, ஆட்சியரின் அனுமதி. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

ஜல்லிக்கட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். குத்துப்படுபவர்கள் வாடிவாசலுக்கு முன்னால் மட்டும் இல்லை. பிடிபடாத காளை களத்தைக் கடந்து வெளியேறுகிறதே, மாட்டுக்காரர்கள் கயிற்றோடு காத்து நிற்கும் அந்தப் பகுதியிலும் ஆள் போகிறது. போட்டி முடிந்துவிட்டது என்று விதி சொல்லும் இடம் அது. காளைக்கு அந்த விதி தெரியாது. கிளைடர் போட்டியிலும் ஆபத்து களத்தை விட்டு வெளியேறும் இடம் ஒன்று இருக்கிறது: காற்று கைவிட்டு, எங்கோ ஒரு வயலில் இறங்குவது.

இதற்கு வெளித்தரையிறக்கம் என்று பெயர் வைத்தாலும், உலகம் முழுக்கப் போட்டி விமானிகள் அதை விபத்தாகவே கருதுவதில்லை. அன்றாடம். ஏறுகாற்று செத்துவிட்டால் அரைமணி நேரத்தில் தரை. அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: 600 மீட்டர் உயரத்தில் இருக்கும்போதே இறங்கத்தக்க பகுதியைப் பார்த்துவிடு, 450-இல் வயலைத் தேர்ந்தெடு, 300-க்குக் கீழே மனதை மாற்றாதே. ஐரோப்பாவில் கோதுமை அறுத்த வயல்கள் பல நூறு மீட்டர் நீளம். இங்கே?

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். 7,500 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 87 மீட்டர். மரத்தைத் தாண்டி வந்து, தொட்டு, ஓடி நிற்க ஒரு கிளைடருக்கு 300 மீட்டர் வேண்டும் என்று வைத்தால், அது நான்கு பேர் நிலத்தைத் தொடும். நடுவில் மூன்று வரப்பு. அதற்குள் ஒரு கிணறு இருக்கலாம். இந்தப் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை, பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தென்னை வரிசை, கோழிப்பண்ணையின் தகரக் கூரை, மோட்டார் அறைக்குப் போகும் மின்கம்பி. மேலேயிருந்து பார்க்கும்போது கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். கடலை பிடுங்கிய காடு கிடைத்தால் அதிர்ஷ்டம். குச்சிக்கிழங்கு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மாதங்களில் அது வயலே அல்ல, இறக்கையை முறிக்கும் புதர். கரும்பும் அப்படித்தான்.

நெடுஞ்சாலை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் இறங்கியது. சாலையில் போனவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வகைச் சிறு விமானத்தின் இறக்கை 11 மீட்டர். நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்துத் தார் 7 மீட்டர் சொச்சம். 15 மீட்டர் இறக்கை நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கத்து லாரியின் கண்ணாடி வரைக்கும் போகும். என் கருத்தில், கிளைடர் விமானி நாமக்கல் நெடுஞ்சாலையை வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு ஆபத்தை வாய்ப்பாடு சொல்லாது. 300 மீட்டரிலிருந்து வட்டமிட்டு இறங்க ஐந்து நிமிடம் ஆகலாம். சத்தமில்லாத பெரிய வெள்ளைப் பறவை தலைக்கு மேல் சுற்றுகிறது என்றால் நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் ஓடி வருவார்கள்? பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்தால்? ஆபத்தைக் கண்டால் மக்கள் விலகி ஓடுவார்கள் என்று நினைப்பது தப்பு. இறங்குகிற இடத்தை நோக்கித்தான் ஓடுவார்கள். தரையில் உருளும் கிளைடரின் இறக்கை பெரியவர்களின் இடுப்பளவில், சிறுவர்களின் கழுத்தளவில் வரும். இரண்டு பக்கமும் ஏழரை மீட்டர். பிரேக் ஒரே ஒரு சக்கரத்துக்கு.

அதனால் இங்கே போட்டி நடத்த நினைப்பவர் முதலில் எழுத வேண்டியது விமானிகள் பட்டியல் அல்ல, நிலக்காரர்கள் பட்டியல். ஒரு வாரப் போட்டி, 40 கிளைடர், அதில் இரண்டு நாள் காற்று ஏமாற்றி நாலில் ஒரு பங்கு வெளியே இறங்குகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 தரையிறக்கம். தலா நாலு பேர் நிலம் என்றால் 80 குடும்பம். யாரிடமும் முன்கூட்டி அனுமதி வாங்க முடியாது, எந்த வயல் என்று யாருக்கும் தெரியாதே. பயிர்ச் சேதத்தை மோசமாகவே போடுவோம்: 15 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம், 3,000 சதுர மீட்டர், முக்கால் ஏக்கர். ஏக்கருக்கு 12 டன் குச்சிக்கிழங்கு, டன் 6,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு தரையிறக்கத்துக்கு ஏறத்தாழ 53,400 ரூபாய். இருபதுக்கு 10,68,000. நாற்பது போட்டியாளருக்குப் பிரித்தால் தலைக்கு 26,700. புதிய போட்டி கிளைடர் ஒன்று ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அதில் இது கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல். நடைமுறையில் கிளைடர் கெடுத்ததைவிட, அதைப் பார்க்க வந்தவர்களும் தூக்கிப்போக வந்த வண்டியும் மிதித்ததுதான் அதிகமாக இருக்கும். அதுவும் போட்டியின் கணக்கில்தான் ஏற வேண்டும்.

பயிருக்கு விலை போடலாம். ஆளுக்கு?

போடத்தான் வேண்டியிருக்கிறது, நீதிமன்றங்கள் நாள்தோறும் போடுகின்றன. சாலை விபத்து வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறையைக் கிளைடருக்கும் வைத்துப் பார்க்கலாம். 38 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிப்பவர், வீட்டில் அவரை நம்பி நாலு பேர்.

ஆண்டு வருமானம் ₹1,80,000
எதிர்கால வளர்ச்சிக்கு 40 விழுக்காடு சேர்த்து ₹2,52,000
தன் செலவுக்குக் கால் பங்கு கழித்து ₹1,89,000
வயதுக்கான பெருக்கெண் 15: ₹28,35,000
இறுதிச் சடங்கு முதலிய இனங்கள் ₹70,000
மொத்தம் ₹29,05,000

ஜல்லிக்கட்டுக்கு வாங்கிய 20 லட்சம் ஒருவருக்கே போதவில்லை. 40 வயதுக்குள் இருக்கும் ஒரு சாதாரண உழைப்பாளியின் கணக்கு இது.

அதைவிட மோசம், இந்தக் கணக்கைக் கேட்பதற்கு எங்கே போவது என்பது. லாரி மோதினால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது, யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் கேட்க 164-ஆம் பிரிவு இருக்கிறது. கிளைடர் மோட்டார் வாகனம் அல்ல. விமானச் சட்டத்தைப் புரட்டினால், 1934-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதிநியம் நடப்பில் இருக்கிறது. வேண்டுமென்றே பிறருக்கு ஆபத்து வரும்படி பறந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை பெரியதுதான். ஆனால் அபராதம் அரசுக்குப் போகும். களத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு ஒரு ரூபாயும் அந்தப் பிரிவின் வழியாக வராது. "வேண்டுமென்றே" என்பதையும் நிரூபிக்க வேண்டும். தாழப் பறந்த எந்த விமானியும் யாரையாவது அடிக்க வேண்டும் என்று பறந்ததில்லை.

இந்தக் குறை கிளைடரோடு முடிவதுமில்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் இறந்தவர்கள் 260 பேர்: விமானத்தில் 241, தரையில் 19. விமானத்தில் இருந்தவர்களுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. தப்பு யாருடையது என்று பாராமல் தலைக்கு 1,51,880 எஸ்டிஆர் வரை விமான நிறுவனம் பொறுப்பு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. தரையில் இருந்த 19 பேர் பயணிகள் இல்லை, எனவே அந்த ஒப்பந்தத்துக்குள் வரமாட்டார்கள். தரையில் இருப்பவர்களுக்காக 1952-இல் ரோமில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும்கூட அதில் சேரவில்லை. சீட்டு வாங்கியவருக்கு ஒப்பந்தம், வாங்காதவருக்கு வழக்கறிஞர்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1982 சிவில் விமானச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, விமானத்தாலோ அதிலிருந்து விழுந்த பொருளாலோ தரையில் இருப்பவருக்குச் சேதம் வந்தால், கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 785/2004 விதி அதற்குப் பணமும் இருக்க வேண்டும் என்று காப்பீட்டைக் கட்டாயமாக்கியது: 500 கிலோவுக்குக் கீழே 7.5 லட்சம் எஸ்டிஆர். 500 முதல் 1,000 கிலோவுக்குள் 15 லட்சம் எஸ்டிஆர். நம் 525 கிலோ கிளைடர் இரண்டாவது படியில் வருகிறது. இன்றைய மதிப்பில் 17 கோடி ரூபாய்க்கு மேல். தரையில் 50 குடும்பங்களுக்கு மேல், நாம் போட்ட 29 லட்சக் கணக்கில், கொடுத்துவிடலாம். காலால் ஓடிக் கிளம்பும் பாராகிளைடருக்கு அந்த விதியில் விலக்கு. அதன் ஆற்றல் கணக்கும் அப்படித்தான்: ஆளோடு சேர்த்து 110 கிலோ, நொடிக்கு 10 மீட்டர், 5.5 கிலோஜூல், காளையைவிடக் குறைவு. ஏலகிரியில் குதிப்பவர்களையும் இந்தக் கட்டுரையில் வரும் விமானிகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி வந்தவரின் கணக்கு. சேலத்தில் ஏறுகாற்று நன்றாக எழும்புவது கோடையில், நண்பகலுக்குப் பிறகு. வெயில் தரையைச் சுட்டால்தான் காற்று மேலே போகும். காற்று மேலே போனால்தான் கிளைடர். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இங்கே வருகின்றன. போட்டிக்கு மிகச் சிறந்த நேரம், நிற்பவருக்கு மிக மோசமான நேரம். இதை வெறும் அசௌகரியமாக எழுதிவிட்டுப் போக முடியாதபடி 2024 அக்டோபர் 6 செய்துவிட்டது. சென்னை மெரினாவில் விமானப்படையின் காட்சி, காலை 11 முதல் பகல் 1 வரை, 72 விமானங்கள், 15 லட்சம் பேர் கூடியதாகச் சொன்னார்கள். விமானங்களால் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. வெயிலிலும் நெரிசலிலும் வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அரசு தலா 5 லட்சம் அறிவித்தது. அது அக்டோபர் மாதம், கடற்கரை.

சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்தைப் போல 1,800 மீட்டர் ஓடுபாதையின் ஓரத்தில், மே மாதத்தில், 10,000 பேர் ஐந்து மணி நேரம் நிற்பதாக வையுங்கள். மணிக்கு அரை லிட்டர் என்றால் 25,000 லிட்டர் குடிநீர். 12,000 லிட்டர் லாரி இரண்டு போதாது, மூன்று வேண்டும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் நிழல் என்றால் 10,000 சதுர மீட்டர், இரண்டரை ஏக்கர் பந்தல். நூறு பேருக்கு ஒன்று என்றாலும் நூறு கழிப்பறை. இவற்றை ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போடுவது? 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிளைடர் 30 பாகை திசை மாறினால் கூட்டத்தை நோக்கி நொடிக்கு 28 மீட்டர் நெருங்கும். 150 மீட்டர் தள்ளி நின்றால் ஐந்தரை நொடி கிடைக்கும். அதாவது பந்தலைத் தள்ளிப் போட வேண்டும்; நிழல் அங்கேதான் இருக்கிறது என்பதற்காகவாவது ஜனம் அங்கேயே நிற்கும். காவலர் கம்பு செய்யாத வேலையைப் பந்தல் செய்யும். தண்ணீர்த் தொட்டியைக் கயிற்றின் ஓரத்தில் வைத்தால் எல்லாம் தலைகீழ்.

யார் பொறுப்பு என்பதற்கு நான் பார்த்த வரையில் போட்டிகளில் மூன்று பேர் கை நீளும்: விமானி, போட்டி இயக்குநர், களத்தின் சொந்தக்காரர். விமானி இயக்குநரின் விதியைக் காட்டுவார், இயக்குநர் விமானியின் தீர்மானத்தைக் காட்டுவார். வெளியே இறங்கும்போது மூன்றாமவரும் மாறிவிடுகிறார். களத்தின் சொந்தக்காரர் இப்போது அடிபட்டவரே. எனவே முன்பணம் எல்லோரிடமிருந்தும் முன்னாலேயே வாங்கப்பட வேண்டும் என்பது என் வாதம். தலைக்கு அந்த 26,700-ஐ நுழைவுக் கட்டணத்தோடு வாங்கி, போட்டி அமைப்பின் பெயரில் இல்லாமல் மாவட்ட ஆட்சியர் கணக்கில் கட்டுவது. ஆளுக்கான காப்பீட்டுச் சான்று இல்லாத கிளைடரை இழுவை விமானத்தின் கயிற்றில் கோக்காமல் இருப்பது. ஒவ்வொரு விமானியின் சட்டைப்பையிலும் தமிழில் அச்சடித்த ஒரு தாள்: விமானி பெயர், கிளைடர் எண், காப்பீட்டு எண், பணம் யாரிடம் எங்கே வாங்க வேண்டும். இறங்கிய வயலில், வண்டி வருவதற்கு முன்னால், சர்வே எண்ணை எழுதி நிலக்காரர் கையில் அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கான கையெழுத்து இல்லாமல் வருபவருக்கு அன்றைய நாளின் புள்ளி கிடையாது. வாங்காத கையெழுத்துக்குப் புள்ளி போகும் என்று தெரிந்தால், 600 மீட்டர் உயரத்திலேயே கடலைக் காட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.